ஒரே கொழுந்து, நாலு டப்பா: ஏற்காட்டு அடுப்படியில் தேயிலை செய்யும் முறை

ஏற்காடு காப்பி ஊர். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் சில்வர் ஓக் நிழலில் காப்பிச் செடியும், அந்த மரத்தையே பிடித்து ஏறும் மிளகுக் கொடியும்தான் கண்ணில் படும். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் காப்பியைக் கொண்டுவந்து வைத்ததிலிருந்து இந்த மலைக்கு அதுதான் சோறு போடுகிறது. அதனால் நாகலூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் காட்டில் தேயிலைச் செடி நிற்பதைப் பார்த்தால், வருகிறவர்கள் நின்று ஒரு கேள்வி கேட்காமல் போவதில்லை. மொத்தம் 36 செடி, வேலியோரமாக ஒரே வரிசை.

வைத்தது என் அப்பா. குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை பாக்டரியில் 27 வருஷம் ரோலர் ரூமில் வேலை பார்த்தவர். வேலை முடிந்து சேலத்துக்குக் குடிவந்தபோது மகளுக்கென்று ஒரு பழக்கூடையில் 40 நாற்று கொண்டுவந்தார். யூபாசி-9 என்ற ரகம், வறட்சி தாங்கும் என்றார். நாலு நாற்று முதல் கோடையிலேயே போய்விட்டது. "காப்பிக் காட்டுக்குள்ள எதுக்கும்மா டீச்செடி?" என்று என் மாமியார் கேட்டதற்கு அப்பா சிரித்தாரே தவிர பதில் சொல்லவில்லை. இப்போது அவர் அம்மாப்பேட்டையில் தம்பி வீட்டில் இருக்கிறார். முட்டிவலி, மலை ஏறுவதில்லை. ஆறு வருஷமாக நான் போனில் கேட்டுக் கேட்டுச் செய்து, கெடுத்து, மறுபடி கேட்டுச் செய்து கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். இயந்திரம் எதுவும் வேண்டாம். இரும்பு வாணலி, இட்லிப் பானை, முறம், பழைய வேட்டி, சமையலறைத் தராசு போதும்.

கத்தரிக்காய்க் கணக்கு

கிரீன் டீ ஒரு செடி, சாதா டீ வேறு செடி என்று நினைப்பவர்கள் நிறைய. பக்கத்துக் காட்டு அக்கா போன மாதம்கூட "எனக்கு கிரீன் டீ நாத்து ஒண்ணு குடு" என்றார். எல்லாம் ஒரே செடிதான். சீன வகை, அஸ்ஸாம் வகை என்று இலையில் சிறிசு பெரிசு உண்டு. ஆனால் எதைப் பறித்தாலும் அதிலிருந்து பச்சையும் செய்யலாம், கறுப்பும் செய்யலாம், நடுவில் நிற்பதும் செய்யலாம்.

கத்தரிக்காயை நறுக்கித் தண்ணீரில் போடாமல் விட்டால் கறுக்கிறது அல்லவா? இங்கே விளையும் பேரிக்காயைக் கடித்து வைத்தாலும் அப்படித்தான். தேயிலையிலும் அதே சங்கதி. துவர்ப்புத் தரும் பாலிபினால் இலையின் செல்லுக்குள் ஓர் அறையில் இருக்கிறது, அதைப் பழுப்பாக்கும் நொதி வேறு அறையில் இருக்கிறது. இலையைக் கசக்கினால் நடுச்சுவர் உடைந்து இரண்டும் கலக்கும், காற்றும் பட்டால் பழுக்கத் தொடங்கும். நல்ல சூடு காட்டினால் நொதி செத்துவிடும், பழுப்பது அங்கேயே நின்றுவிடும். பறித்ததும் சூடு காட்டினால் பச்சை. கசக்கி, முழுக்கப் பழுக்கவிட்டுச் சூடு காட்டினால் கறுப்பு. பாதியில் நிறுத்தினால் ஊலாங். கசக்காமலும் வாணலியில் போடாமலும் அப்படியே வாடிக் காயவிட்டால் வெள்ளை.

பாக்டரியில் இந்தப் பழுக்க விடுவதை ஃபெர்மென்டேஷன் என்பார்கள். பெயரைக் கேட்டு இட்லி மாவு மாதிரி ஏதோ புளிக்கிறது என்று நினைக்க வேண்டாம். கிருமிக்கு இதில் வேலையே இல்லை.

பறிப்பது

ரெண்டு இலை, ஒரு மொட்டு. நகத்தால் கிள்ளாதீர்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துச் சற்றே மடக்கினால் 'டக்'கென்று தானே ஒடியும். ஒடியாமல் நார் இழுத்தால் அது முற்றிய தண்டு, விட்டுவிடுங்கள். 36 செடியில் ஒரு சுற்றுக்கு எனக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கிடைக்கிறது. அது காய்ந்து தேயிலையாகும்போது 220, 230 கிராம்தான் தேறும். பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒரு சுற்று வரும். மார்கழி, தையில் கொழுந்து மெதுவாக வருவதால் சுற்று தள்ளிப்போகும். ஆனால் மணம் அப்போதுதான். நீலகிரியிலும் பனிக்காலத்துக் கொழுந்துக்குத்தான் மவுசு.

மருந்து விஷயத்தில் கவனம் வேண்டும். தேயிலையை யாரும் கழுவிச் செய்வதில்லை, இலையில் ஒட்டியது முதன்முதலாகத் தண்ணீரைப் பார்ப்பது உங்கள் டம்ளரில்தான். காப்பிக்குப் பூஞ்சை மருந்தான போர்டோ கலவை அடிக்கும் நாளில் காற்று இந்தப் பக்கம் வீசியிருந்தால், அந்தச் சுற்றுக் கொழுந்தைப் பறித்துக் கீழே போட்டுவிடுவேன். அடுத்த சுற்றிலிருந்துதான் எடுப்பேன்.

முதல் தடவை பறித்ததை ஒரு பிளாஸ்டிக் கவரில் அமுக்கி, கட்டி, ஸ்கூட்டியின் முன்னால் தொங்கவிட்டு ஏற்காடு டவுனுக்குப் போய்க் காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். திறந்தால் நடுவில் கை வைக்க முடியாத சூடு, பாதி இலை சிவந்து கிடந்தது. அப்பாவிடம் சொன்னதும், "கூட்டமா பஸ்ஸுல நின்னா நமக்கே வேர்க்குதே கண்ணு, கொழுந்துக்கு வேர்க்காதா?" என்றார். பறித்த இலைக்கும் மூச்சு உண்டு, அதன் சூடு வெளியே போக வழி வேண்டும். கூடையில் தளர்வாகப் போட்டு நிழலில் வையுங்கள்.

முதலில் பச்சை

புதிதாகச் செய்பவர்கள் கிரீன் டீயில் தொடங்குவது நல்லது. ஒரு மதியத்தில் முடிந்துவிடும், தவறினாலும் குடிக்கிற மாதிரி இருக்கும்.

பறித்த கொழுந்தை நிழலில் இரண்டு மணி நேரம் பரப்பி வையுங்கள். அப்புறம் சூடு. இதற்கு இரண்டு வழி உண்டு. சீனாவில் பெரும்பாலும் வாணலியில் வதக்குகிறார்கள், ஜப்பானில் ஆவி காட்டுகிறார்கள். நான் இட்லிப் பானையில்தான் தொடங்கினேன். தட்டில் ஈரத்துணி விரித்து, இலையை ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிக்காமல் மெல்லியதாகப் பரப்பி, தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது வைத்து மூடி ஒன்றரை நிமிஷம். எடுத்ததும் தட்டில் கொட்டி விசிறியால் விசிறுங்கள். தாமதித்தால் கீரை வெந்த மாதிரி மஞ்சளாகிவிடும். ஆவி காட்டியது நல்ல கரும்பச்சையாக, கொஞ்சம் கடல்வாடை கலந்த ருசியோடு வரும்.

வாணலிக்கு முதலில் காந்தும் சூடு வேண்டும். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்ப்போமே, அதேதான். துளி முத்து முத்தாக ஓட வேண்டும். எண்ணெய் வாசனை துளியும் இல்லாத வாணலியை இதற்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். 200 கிராமுக்கு மேல் ஒரே தடவையில் போடாதீர்கள். போட்டதும் கடுகு பொரிகிற மாதிரி சத்தம் வரும். அரை நிமிஷம் மூடி வைத்து அந்த ஆவியிலேயே வேகவிட்டு, பிறகு திறந்து மரக்கரண்டியால் அடியிலிருந்து தூக்கித் தூக்கிப் போட வேண்டும். நாலைந்து நிமிஷத்தில் பச்சைப் புல் வாடை போய், வெந்த அவரைக்காய் வாசனை வரும். தண்டை மடக்கிப் பாருங்கள். ஒடியாமல் வளைந்தால் சரி. இறக்கிக் கொஞ்ச நேரம் கழித்துத் தண்டு மட்டும் சிவந்து தெரிந்தால் அங்கே நொதி சாகவில்லை என்று அர்த்தம், அடுத்த தடவை இன்னும் ஒரு நிமிஷம் கூட வையுங்கள்.

ஆறியதும் உள்ளங்கைக்குள் வைத்துத் திரி திரிப்பது போலப் பத்து நிமிஷம் உருட்டி, வாணலியைக் கழுவித் துடைத்து, சிறு தீயில் அரை மணி, முக்கால் மணி நேரம் கிளறிக் காயவைத்தால் முடிந்தது. கசக்கி ஈரமான இலையைத் துருப்பிடித்த இரும்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள். கடுக்காய்த் தண்ணீரில் இரும்பு சேர்த்தால் கறுப்பு மை ஆகும் என்று பெரியவர்களுக்குத் தெரியும். தேயிலையின் துவர்ப்பும் இரும்போடு சேர்ந்து அதே வேலையைத்தான் செய்யும். நன்றாகப் பழகி வழவழப்பான வாணலி என்றால் பயமில்லை.

கறுப்பு: வேட்டியும் துவைக்கிற கல்லும்

இதுதான் அப்பாவின் துறை. போனை எடுத்தால் இதைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் பேசுவார்.

முதலில் வாட்ட வேண்டும். ஒரு கிலோ கொழுந்துக்கு ஒரு கட்டில் அகலம் இடம் பிடிக்கும். காப்பி காயவைக்கும் வலையை நான் கட்டிலின் மேல் இழுத்துக் கட்டி, திண்ணையில் போட்டுக்கொள்கிறேன். வெயில் படக்கூடாது, காற்று மேலும் கீழும் போக வேண்டும். சாயங்காலம் பரப்பினால் மறுநாள் காலை பத்து மணிக்குத் தயாராக இருக்கும். ஐப்பசி மூடுபனியில் 24 மணி நேரமும் ஆகலாம், அப்போது ஒரு மின்விசிறியை மெதுவாக ஓடவிடுவேன். பாக்டரியில் இதற்கென்று நீள நீளத் தொட்டி கட்டி, அடியிலிருந்து காற்று ஊதுகிறார்கள்.

வாடிவிட்டதா என்று எப்படித் தெரியும்? தராசுதான் நல்ல சாட்சி. ஒரு கிலோ 600, 650 கிராமுக்கு இறங்கியிருக்க வேண்டும். அப்பா தராசைத் தொடமாட்டார். ஒரு கைப்பிடி அள்ளிக் காதோரம் வைத்து அமுக்குவார். மொறுமொறுவென்று தண்டு ஒடிகிற சத்தம் கேட்டால் "இன்னும் பச்சை". சத்தமில்லாமல் பட்டுத்துணி மாதிரி அமுங்கி, கையை விரித்ததும் உருண்டை உதிராமல் மெதுவாக அவிழ்ந்தால் "எடு". நானும் இப்போது காதில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தராசில் வைக்கிறேன். நாலு தடவைக்கு மூன்று தடவை இரண்டும் ஒத்துப்போகிறது.

அடுத்தது உருட்டுவது. பாக்டரி ரோலரில் பெரிய பித்தளை மேசைமேல் ஓர் உருளைப் பெட்டி சுற்றிச் சுற்றி இலையைப் பிசையும். வீட்டில் அதற்குப் பதில் வேட்டி. மெத்தென்று துவைத்துப் பழகிய, சோப்பு வாசனை இல்லாத பருத்தித் துண்டில் வாடிய இலையை வைத்து, முனைகளை முறுக்கி மூட்டையாகக் கட்டி, துவைக்கிற கல்லில் வைத்து இரண்டு உள்ளங்கையாலும் ஒரே திசையில் வட்டமாக உருட்டுங்கள். முதல் பத்து நிமிஷம் மெதுவாக. எடுத்ததுமே அழுத்தினால் இலை முறுகாமல் நொறுங்கிவிடும். அவிழ்த்து, கட்டி கட்டியாக ஒட்டியதைப் பிரித்து உதறி, மறுபடி கட்டி, இந்தத் தடவை உடம்பின் பாரத்தைப் போட்டு உருட்டுங்கள். இப்படி மூன்று தடவை. வேட்டியில் சாறு கசிந்து பச்சை மஞ்சளாகக் கறை ஏறும், இலை கயிறு மாதிரி முறுகி, தொட்டால் பிசுபிசுவென்று கையில் ஒட்டும். சுவர் உடைந்ததற்கு அதுதான் அடையாளம். கை மூன்று நாளைக்குக் கறுப்பாகவே இருக்கும். கல்யாணத்துக்கு முந்தின நாள் இந்த வேலை வேண்டாம்.

பிசைந்ததை எவர்சில்வர் தட்டுகளில் இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்பி, ஈரத்துணியை இலையில் படாமல் மேலே போர்த்தி வையுங்கள். துணி காயக் காயத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். காற்றில் ஈரம் இருந்தால்தான் இலை மேலாக வறண்டு கெடாது. இனி கண்ணுக்கும் மூக்குக்கும்தான் வேலை. பச்சை, பழுப்பு ஓடிய பச்சை, அப்புறம் புதுச் செம்புக் குடத்தின் நிறம். எங்கள் வீட்டில் 20, 22 டிகிரியில் இதற்கு இரண்டரை மணி நேரம் பிடிக்கிறது. சேலத்தில் தம்பி வீட்டில் சித்திரை மாதம் ஒரு தடவை செய்து பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்து, புளிவாடை அடித்து, டீ சப்பென்று இருந்தது. சமவெளியில் செய்பவர்கள் விடியற்காலை நாலு மணிக்கு உருட்டி முடிக்கிற மாதிரி நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். அறையின் சூடு 27 டிகிரியைத் தாண்டாமல் இருந்தால் நல்லது.

எப்போது நிறுத்துவது என்பதுதான் டீ மேக்கருக்குச் சம்பளம் கொடுப்பதற்கே காரணம். முதலில் பச்சைப் புல் வாடை. அது தணிந்து பழுத்த பேரிக்காயும் ரோஜாவும் கலந்த மாதிரி ஒரு மணம் ஏறும். "ஏறிக்கிட்டே வந்து ஒரு இடத்துல நிக்கும் கண்ணு. அது எறங்கறதுக்குள்ள அடுப்புக்குப் போயிடணும்" என்பார் அப்பா. இதற்குக் காரணம் உண்டு. பழுக்கும்போது முதலில் தியாஃப்ளேவின் என்ற பொருள் உண்டாகிறது, டீயின் பளபளப்பும் நாக்கில் சுள்ளென்று பிடிப்பதும் அதனால். நேரம் போகப் போக அது தியாரூபிஜினாக மாறும். நிறமும் கனமும் கூடும், சுறுசுறுப்பு குறையும். பாலில்லாமல் குடிப்பவர் என்றால் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்துங்கள். பால் ஊற்றுபவர் என்றால் கால் மணி நேரம் கூட விடலாம்.

காயவைக்க ஓவன் இருந்தால் 110 டிகிரியில் 20 நிமிஷம், நடுவில் இரண்டு தடவை கிளறி, பிறகு 90-க்குக் குறைத்து முறுகும்வரை. சேலத்தில் ஒரு கடையில் வாங்கிய என் ஓவன் 110 என்று காட்டும்போது உள்ளே 150 இருந்திருக்கிறது. இரண்டு சுற்றுத் தேயிலை கருகிய பிறகு, 300 ரூபாய்க்கு ஒரு வெப்பமானி வாங்கி உள்ளே தொங்கவிட்ட பிறகுதான் தெரிந்தது. கடைக்காரர் "கேக்குக்கு யாரும் இப்படிக் குறை சொன்னதில்லையே" என்றார். ஓவன் இல்லாதவர்களுக்கு வாணலியும் சிறு தீயும் போதும், ஆனால் முக்கால் மணி நேரம் கையை எடுக்க முடியாது. வெயிலில் போட்டு முடித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். ஆத்தூர் ரோட்டில் ஜவ்வரிசி காய்கிற வெயிலே ஆனாலும் நொதியைக் கொல்லும் சூடு அதில் இல்லை, இலை காய்ந்து முடிகிறவரை பழுத்துக்கொண்டேதான் இருக்கும். காய்ந்த தண்டை ஒடித்தால் 'படக்'கென்று சத்தம் வர வேண்டும், இலையை விரலில் நசுக்கினால் பொடியாக வேண்டும்.

டீக்கடைத் தூள்

இப்படிச் செய்ததைப் பாலில் கொதிக்கவிட்டு, "அஞ்சு ரோட்டு டீக்கடை மாதிரி இல்லையே" என்று சொல்பவர்களுக்கு: அது வேறு முறை. கடையில் கிடைக்கும் குருணையும் டஸ்ட்டும் சிடிசி. பல் வைத்த இரண்டு எஃகு உருளைகள், ஒன்று மெதுவாகவும் மற்றது அதைப்போல் பத்து மடங்கு வேகமாகவும் எதிரெதிரே சுழலும். நடுவில் போன இலை நசுங்கி, கிழிந்து, சுருண்டு வெளியே விழும். அப்படி மூன்று நாலு ஜோடி உருளை தாண்டும்போது முழு இலை என்று எதுவும் மிஞ்சாது. எல்லாச் செல்லும் உடைவதால் பழுப்பதும் வேகம், சாயம் இறங்குவதும் வேகம். 1930-இல் அஸ்ஸாமில் மெக்கெர்ச்சர் என்பவர் செய்த இயந்திரம் இது. இன்று இந்தியத் தேயிலையில் பெரும்பகுதி இந்த வழியில்தான் வருகிறது.

வீட்டில் முடியுமா என்று நானும் பார்த்தேன். வாடிய இலையை மிக்ஸியில் போட்டேன். இரண்டாவது சுற்றிலேயே ஜார் சூடாகி, இலை புதினாத் துவையல் ஆகிவிட்டது. காயவும் இல்லை, மணக்கவும் இல்லை. அம்மியில் தண்ணீர் விடாமல் ஓட்டி, சல்லடையில் தேய்த்துக் குருணையாக்கியது பரவாயில்லை. ஒன்றேகால் மணி நேரத்தில் பழுத்துவிட்டது, பாலுக்கும் நிறம் கொடுத்தது. ஆனால் 100 கிராம் தூளுக்கு அவ்வளவு தோள்வலி தேவையா என்று கேட்டால், கடையில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

முறத்தில் புடைப்பது

எனக்குப் பிடித்தது ஊலாங்தான். பாக்டரியில் அப்பா செய்யாதது என்பதாலும் இருக்கலாம். இதற்கு இளங்கொழுந்து வேண்டாம். மொட்டு வருவது நின்று, மேலிலை விரிந்துவிட்ட பஞ்சியை மூன்று நாலு இலையோடு பறிக்க வேண்டும். "பஞ்சியில டீயா?" என்று அப்பாவே முதலில் நம்பவில்லை. சீனாவில் ஃபூஜியனிலும், தைவானிலும் ஊலாங்குக்கு இப்படி விரிந்த இலையைத்தான் பறிக்கிறார்கள்.

காலை ஒன்பது மணி இளவெயிலில் அரை மணி நேரம். மேல்பளபளப்பு மங்கி இலை தொய்ந்ததும் வீட்டுக்குள் கொண்டுவந்து, முறத்தில் ஒரு படி அளவு போட்டு, உளுந்து புடைப்பதைவிட மெதுவாக, இலை ஒன்றோடொன்று உரசி விழுகிற மாதிரி இரண்டு நிமிஷம் தூக்கிப் போடுங்கள். உடைக்கக் கூடாது. ஓரம் மட்டும் அடிபட வேண்டும். பிறகு ஒரு மணி நேரம் பரப்பி ஓய்வு. மறுபடி முறம், இந்தத் தடவை மூன்று நிமிஷம். இப்படி ஐந்து தடவை, போகப் போகக் கொஞ்சம் வேகம் கூட்டி.

இதில் வேடிக்கை பார்க்க நிறைய இருக்கிறது. முதல் புடைப்புக்குப் பிறகு வாடித் தொங்கும் இலை, ஓய்வில் தண்டிலிருந்து ஈரம் ஏறி மறுபடி விறைத்து நிற்கும். மூன்றாவது புடைப்பில் அறையெல்லாம் சம்பங்கி மாதிரி ஒரு வாசனை. நாலாவதில் இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நடுவில் பச்சை, ஓரத்தில் மருதாணி வைத்த நகம் மாதிரி சிவப்புக் கோடு ஓடியிருக்கும். சீனர்கள் இதையே பச்சை இலை, சிவப்பு ஓரம் என்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கு சிவந்ததும் நான் நிறுத்திவிடுவேன். உடனே காந்தும் வாணலியில் கிரீன் டீக்குச் சொன்ன மாதிரி வதக்கி, சூடு ஆறுவதற்குள் வேட்டியில் கட்டி இறுக்கி உருட்டி, காயவைக்க வேண்டும். முற்றிய இலை ஆறினால் முறுகாது, ஒடியும்.

ஒரு நாள் சாயங்காலம் நாலாவது புடைப்பில் கரண்ட் போய், விளக்கைத் தேடிப் போன நேரத்தில் என் மாமியார் பழக்கதோஷத்தில் முறத்தை எடுத்து அரிசி புடைக்கிற கணக்கில் பத்து நிமிஷம் விளாசிவிட்டார். முக்கால்வாசி சிவந்துவிட்டது. திட்டவா முடியும், அப்படியே வதக்கிக் காயவைத்தேன். தேன் வாசனையோடு, அந்த வருஷத்தில் செய்ததிலேயே அதுதான் நன்றாக இருந்தது. 15 சதவீதத்திலிருந்து 70-க்கு மேல்வரை எங்கே நிறுத்தினாலும் ஊலாங்தான் என்பதால் பெயரும் மாறவில்லை.

வெள்ளை, மஞ்சள், கட்டித் தேயிலை

வெள்ளைத் தேயிலைக்கு வேலை குறைவு, பொறுமை அதிகம். வெண்பூனைமயிர் போர்த்திய, விரியாத மொட்டு மட்டும், அல்லது மொட்டோடு ஓரிலை. வலையில் பரப்பி இரண்டு, மூன்று நாள் நிழலில் வாடவிட்டு, கடைசியில் மிகக் குறைந்த சூட்டில் முடிக்க வேண்டும். கசக்குவதும் இல்லை, வதக்குவதும் இல்லை. ஏற்காட்டு மழைக்காலத்தில் இதைத் தொடவே தொடாதீர்கள், மூன்றாம் நாள் பூஞ்சைதான் பார்ப்பீர்கள். தை, மாசி வறண்ட காற்றில் செய்யலாம். 36 செடியின் மொட்டையும் கிள்ளினால் ஒரு கைப்பிடி வரும்.

மஞ்சள் என்பது வதக்கிய கிரீன் டீயை ஈரமும் சூடும் ஆறுவதற்குள் துணியில் பொதிந்து வைத்து மெல்ல மஞ்சளிக்க விடுவது. நான் இரண்டு தடவை முயன்றேன், இரண்டும் பழைய கிரீன் டீ மாதிரிதான் வந்தது. சீனாவின் யுன்னானில் செய்யும் பூயர் மட்டும் வேறு கட்சி. அங்கே உண்மையிலேயே கிருமிதான் வேலை செய்கிறது. வெயிலில் காய்ந்த இலையைக் கட்டியாக அழுத்தி வருஷக்கணக்கில் வைப்பார்கள். 1973-இலிருந்து ஈரக் குவியலாகப் போட்டுச் சில வாரங்களிலேயே பழுக்கவைக்கும் முறையும் வந்துவிட்டது. வீட்டில் வேண்டாம். எந்தப் பூஞ்சை நல்லது, எது கெட்டது என்று நம் கண்ணுக்குத் தெரியாது.

டப்பாவும் டம்ளரும்

காய்ந்த தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். முதல் வருஷம் ஒரு துணிப்பையில் போட்டு, மிளகு மூட்டைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். பொங்கலுக்கு வந்த நாத்தனார் குடித்துவிட்டு, "அண்ணி, சளிக்கா குடுக்கறீங்க?" என்று கேட்டார். இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில், வாசனைச் சாமான் எதுவும் இல்லாத அலமாரியில் வையுங்கள். கறுப்புத் தேயிலையை ஒரு வாரம் மூடி வைத்துவிட்டுத் திறந்தால் பச்சைக் காரம் அடங்கியிருக்கும்.

150 மில்லி டம்ளருக்கு 2 கிராம். கறுப்புக்கு நன்றாகக் கொதித்த தண்ணீரை ஊற்றி மூடி, நாலு நிமிஷம். இங்கே 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் மூடாமல் விட்டால் டீ சரியாக இறங்காது. கிரீன் டீக்குக் கொதித்த தண்ணீரை நேரே ஊற்றினால் கசக்கும். டம்ளரில் ஊற்றி, காப்பி ஆற்றுகிற மாதிரி இரண்டு ஆற்று ஆற்றி, ஒரு நிமிஷம் பொறுத்து இலைமேல் ஊற்றுங்கள், இரண்டு நிமிஷத்தில் வடிகட்டிவிடுங்கள். ஊலாங் இலையைக் கொட்டிவிடாதீர்கள், அதே இலையில் இன்னும் மூன்று தடவை தண்ணீர் ஊற்றலாம். இரண்டாவதுதான் ருசி.

டப்பாவில் பெயர் எழுதி ஒட்டுவதும் அவசியம். எங்கள் வீட்டில் ஊலாங், ஆர்த்தோடாக்ஸ் (உருட்டிச் செய்யும் கறுப்புத் தேயிலைக்கு பாக்டரிப் பெயர்) என்றெல்லாம் எழுதினால் யாருக்கும் பிடிபடவில்லை. இப்போது 'இட்லி', 'வாணலி', 'முறம்', 'வேட்டி' என்று எழுதி, கீழே தேதி போட்டு ஒட்டியிருக்கிறேன். மாமியாருக்குக் காலையில் இன்றும் காப்பிதான். சாயங்காலம் நாலு மணிக்கு மட்டும், "அந்த வேட்டி டப்பாவ எடும்மா" என்கிறார்.